சென்சரை மாற்றுவதற்கு முன்: கூலன்ற் வெப்பச் சென்சர் சுற்றில் பிழை தேடும் முறை

புதுச் சென்சரைக் கடையில் வாங்கிக் கையோடு கொண்டுவந்து, “தம்பி, இதை மாத்திவிடு, ஸ்கானர்ல இதுதான் காட்டினது” என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் தயக்கம். மாற்றிக் கொடுப்பது கால் மணி நேர வேலைதான். ஆனால் அடுத்த கிழமை அதே ஆள் அதே முறைப்பாட்டோடு வந்து நிற்பார். ஸ்கானர் சொன்னது கூலன்ற் சென்சரின் (எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரின் சூட்டை அளப்பது) சுற்றில் பிழை என்று. சுற்று என்றால் சென்சர் மட்டும் இல்லை. அதன் கனெக்ரர், இரண்டு வயர், அவை போய்ச் சேரும் ஈசியூ (எஞ்சினை நடத்தும் கணினி) எல்லாம் அதற்குள் அடக்கம். சென்சரின் மூக்கு நனைந்திருக்கிற தண்ணீரையும் நான் அந்தக் கணக்கிலேயே சேர்ப்பேன். யாழ்ப்பாணத்தில் நான் கண்டவரை, தானாகச் செத்த சென்சரை விடக் கிணற்றுத் தண்ணீரும் கடற்காற்றும் கெடுத்த சுற்றுகள்தான் கூட.

வேலைக்குத் தேவையானவை அதிகமில்லை. ஒரு மல்ரிமீற்றர், ஓடும்போதே அளவுகளைக் காட்டும் ஸ்கானர் (கைபேசியோடு புளூரூத்தில் பேசும் சின்னதே போதும்), ஒரு சாண் வயர், இரண்டு குண்டூசி.

சென்சர் என்ன செய்கிறது

அதற்குள் இருப்பது ஒரு தேர்மிஸ்ரர். சூடு ஏற ஏற அதன் தடை இறங்கும். ஈசியூ தன் உள்ளே இருக்கும் ஒரு தடையின் வழியாக, சிக்னல் வயரில் 5 வோல்ற் அனுப்புகிறது. அது சென்சர் வழியாகப் போய், இரண்டாவது வயரால் சென்சர் ஏர்த்துக்குத் திரும்புகிறது. எஞ்சின் குளிராக இருந்தால் தடை கூட, சிக்னல் வயரில் வோல்ற் கூட. சூடானால் இரண்டும் குறையும். ஈசியூவுக்குச் சூடு என்றால் என்னவென்றே தெரியாது. தெரிவது இந்த ஒரு வோல்ற் அளவுதான்.

நம்மூரில் ஓடும் ஜப்பான் கார்களில் பெரும்பாலும் 20 பாகையில் 2.3 முதல் 2.6 கிலோ ஓம், 80 பாகையில் 300 ஓமுக்குச் சற்று மேல். நமக்கு 20 பாகை எங்கே கிடைக்கப் போகிறது? 30 பாகைக் காலையில் ஏறக்குறைய 1.6 அல்லது 1.7 கிலோ ஓம் இருக்கும். நன்றாகச் சூடான எஞ்சினில், 90 பாகையில், 240 ஓம் அளவில் நிற்கும். வேறு நாட்டுக் கார் என்றால் அதன் மனுவலைப் பார்த்துக்கொள்ளுங்கள். எண்கள் மாறும், போக்கு மாறாது.

இதிலிருந்து இரண்டு எல்லைகள் வரும். வயர் அறுந்தால் தடை முடிவில்லாதது, ஈசியூ மைனஸ் 40 பாகை என்று நினைக்கும், ஸ்கானரில் வரும் பிழை எண், அதாவது கோட், பி0118. சிக்னல் வயர் எங்காவது காரின் இரும்பு உடலில் தொட்டால் தடை பூச்சியம், 140 பாகை அல்லது அதற்கும் மேல் என்று நினைக்கும், கோட் பி0117. பி0119 வந்தால் விட்டுவிட்டு வரும் பிழை. பி0116 என்றால் அளவு வருகிறது, ஆனால் நம்பும்படி இல்லை என்று பொருள். 2000ஆம் ஆண்டுக்கு முந்திய ரொயோட்டாக்களில் பொனற்றுக்குள் இருக்கும் டயக்னோஸிஸ் பெட்டியில் ரீஈ1, ஈ1 இரண்டையும் வயரால் இணைத்து, சாவிச் சுவிச்சைப் போட்டால் எஞ்சின் லைற் கண்சிமிட்டும். இரண்டு தரம் மின்னி, நிறுத்தி, மறுபடி இரண்டு தரம் மின்னினால் அது 22, இதே சென்சர்தான்.

எந்த முறைப்பாடு என்றாலும் முதலில் இது

இரவு முழுக்க நின்ற கார். காலையில் ஸ்ராட் பண்ணாமல் சுவிச்சை மட்டும் போடுங்கள். ஸ்கானரில் கூலன்ற் வெப்பத்தையும் உள்ளே போகும் காற்றின் வெப்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரவெல்லாம் ஆறிய எஞ்சினில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். மூன்று நான்கு பாகை வித்தியாசம் பரவாயில்லை. காற்று 28, கூலன்ற் 18 என்றால் அங்கேயே நூலின் முனை கிடைத்துவிட்டது.

ஒரு எச்சரிக்கை. சில கார்களில் ஈசியூ பிழையைக் கண்டுபிடித்தவுடன் உண்மை அளவை ஒதுக்கிவிட்டு ஒரு கற்பனை அளவில் ஓடும். ரொயோட்டாவில் அது பொதுவாக 80 பாகை. சில ஸ்கானர்கள் அந்தக் கற்பனையையே காட்டிவிடும். ஆறின எஞ்சின் 80 என்று அசையாமல் நின்றால் அதை நம்பாதீர்கள், மீற்றரை எடுங்கள்.

“சுவிச்சைப் போட்டவுடனேயே பான் ஓடத் தொடங்குது”

இது, அதாவது ரேடியேற்றர் விசிறி ஓடுவது, பயப்பட வேண்டிய முறைப்பாடு இல்லை. சொல்லப் போனால் கார் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. சூடு தெரியவில்லை, அதனால் எதற்கும் பானை ஓட விடுவோம் என்பது ஈசியூவின் புத்தி. ஏசி போட்டிருந்தால் பான் ஓடுவது வழமை, ஆகவே முதலில் ஏசியை நிறுத்திப் பாருங்கள். அப்புறமும் ஓடினால் பான் ரிலேயைப் பிடுங்கி, ரிலே ஒட்டிக்கொண்டதா என்று பாருங்கள். பழைய கார்களில் பானுக்கென்று தண்ணீர்ப் பாதையில் தனி சுவிச் ஒன்று இருக்கும். அது வேறு கதை, இந்தச் சென்சரோடு சம்பந்தமில்லை.

ரிலே நல்லது, ஸ்கானர் மைனஸ் 40 காட்டுகிறது என்றால் சுற்று எங்கோ திறந்திருக்கிறது. சென்சரின் கனெக்ரரைக் கழற்றி, வயர் பக்கம் இருக்கும் இரண்டு முனைகளையும் மீற்றரால் பாருங்கள். சுவிச் போட்ட நிலையில் ஒன்றில் 5 வோல்ற் அளவில் இருக்க வேண்டும். இருந்தால் அந்த இரண்டு முனைகளையும் சின்ன வயரால் இணைத்துவிட்டு ஸ்கானரைப் பாருங்கள். மைனஸ் 40 துள்ளி 140க்குப் போனால் வயரும் ஈசியூவும் நல்லவை, குற்றவாளி சென்சர். அசையாமல் மைனஸ் 40இலேயே நின்றால், வயரின் ஒரு முனையை 5 வோல்ற் வந்த முனையில் வைத்து மறு முனையைப் பற்றறியின் நெகற்றிவில் தொடுங்கள். இப்போது துள்ளினால் சிக்னல் வயர் நல்லது, ஏர்த் வயர்தான் அறுந்திருக்கிறது. முதலிலேயே 5 வோல்ற் வராவிட்டால் சிக்னல் வயர் அறுந்திருக்கலாம், இல்லையேல் ஈசியூ வரை போய்ப் பார்க்க வேண்டும்.

12 வோல்ற் வயர் எதையும் இந்தக் கனெக்ரருக்குக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள். ரெஸ்ற் லைற் குத்திப் பார்க்கும் பழக்கம் இருந்தால் அதை இந்த இடத்தில் விட்டுவிடுங்கள். ஒரு சென்சரின் விலையில் முடிய வேண்டியது ஈசியூவின் விலையில் போய் முடியும்.

எதிர்ப்பக்கம், 140 காட்டினால் இன்னும் சுலபம். கனெக்ரரைக் கழற்றுங்கள். அளவு மைனஸ் 40க்கு விழுந்தால் சென்சர் உள்ளே சோர்ட். விழாவிட்டால் சிக்னல் வயர் எங்கோ தோலுரிந்து இரும்பில் தொடுகிறது. எலி கடித்த இடத்தை முதலில் தேடுங்கள். ஓடாமல் நிற்கும் காரின் பொனற்றுக்குள் தேங்காய்த் தும்பும் பன்னாடையும் கொண்டுபோய்க் கூடு கட்டியிருந்தால் வயரையும் ருசி பார்த்திருக்கும்.

“காலமையில ஸ்ராட் எடுக்க இழுக்குது, பிறகு நல்லா ஓடுது”

குளிர்ந்த எஞ்சினில் பெற்றோல் நன்றாக ஆவியாகாது. அதனால் ஈசியூ கூடுதலாகத் தெளிக்க வேண்டும். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக் காலத்தில் இங்கே மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. காலையில் நேரடியாக மண்ணெண்ணெயில் ஸ்ராட் வராது. போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருந்த பெற்றோலில் கொஞ்சம் விட்டு எழுப்பி, சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். சூட்டைப் பார்த்து எரிபொருளை மாற்றியது அன்றைக்கு மனிதனின் கை. இப்போது அதே வேலையை இந்தச் சென்சரை நம்பி ஈசியூ செய்கிறது.

சென்சர் எஞ்சின் ஏற்கெனவே சூடு என்று பொய் சொன்னால், அல்லது ஈசியூ 80 பாகைக் கற்பனையில் ஓடினால், காலையில் பெற்றோல் போதாது. நுவரெலியாவில் இப்படி ஒரு கார் காலையில் எழும்பவே மறுத்துவிடும். நம்மூர் வெக்கைக்குள் இரண்டு சுற்று கூட இழுத்து, ஒரு தடவை தும்மி, எழும்பிவிடும். அதனால் பலர் மாதக் கணக்கில் கவனிக்கவே மாட்டார்கள். தை மாதக் காலையில்தான் முறைப்பாடு வரும். பற்றறி, பிளக், பெற்றோல் பம் எல்லாவற்றிலும் இதே அறிகுறி வரும் என்பதால் மேலே சொன்ன காலைப் பரிசோதனை இல்லாமல் சென்சரில் கை வைக்காதீர்கள்.

தலைகீழான முறைப்பாடும் உண்டு. காலையில் சுகமாக எழும்பும், கடைக்குப் போய்ப் பத்து நிமிடத்தில் திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் எழும்பாது, பெற்றோல் மணக்கும். சூடான எஞ்சினைக் குளிர் என்று நினைத்து ஈசியூ அளவுக்கு மிஞ்சித் தெளித்துவிட்டது. அதற்கு அடுத்ததைப் படியுங்கள்.

“பெற்றோல் குடிக்குது, சைலன்சர் வாய் கரியா இருக்கு”

நான் அதிகம் மல்லுக்கட்டியது இந்த முறைப்பாட்டோடுதான். கோட் எதுவும் வராது, அதுதான் சிக்கல்.

ஊர்காவற்றுறைப் பக்கம் படிப்பிக்கப் போய்வரும் ஒரு மாஸ்ரரின் பழைய கொரோலா. நாள்தோறும் பண்ணைப் பாலத்தால் போய் வருகிற கார், இரண்டு பக்கமும் கடல். “சூடான பிறகும் ஐடில் (நின்றபடி ஓடும் வேகம்) இறங்குதில்லை, பெற்றோல் செலவும் கூடிப்போச்சு. இரண்டு இடத்தில காட்டிட்டன், பிளக்கும் மாத்தியாச்சு, எயார் ஃபில்ரரும் மாத்தியாச்சு” என்றார். ஸ்கானரில் கோட் இல்லை. ஆனால் முக்கால் மணி நேரம் ஓடி வந்த எஞ்சின் 38 பாகை என்று காட்டியது. மேல் ஹோசில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு.

கனெக்ரரைக் கழற்றிச் சென்சரின் கால்களில் நேரடியாக மீற்றரை வைத்தேன். 240 ஓம். சென்சர் சொக்கத் தங்கம். பிறகு சாவியை எடுத்து, கனெக்ரரைத் திரும்பப் பூட்டி, மறு முனையில் ஈசியூவின் பிளக்கைக் கழற்றி, அங்கிருந்து அதே இரண்டு வயரை அளந்தேன். 1.2 கிலோ ஓமுக்கு மேல். நடுவில் எங்கோ ஒரு கிலோ ஓம் ஒளிந்திருந்தது. கனெக்ரரின் ரப்பர் சீல் ஒரு பக்கம் கிழிந்திருந்தது. உள்ளே ரோர்ச் அடித்துப் பார்த்தால் பித்தளை முனை முழுக்கப் பச்சைக் களிம்பு, பழைய கோயில் மணியின் உள்பக்கம் போல.

அந்த ஒரு கிலோ ஓம் என்ன செய்கிறது என்று கணக்குப் பாருங்கள். காலையில் 30 பாகையில் சென்சர் 1.65 கிலோ ஓம். களிம்பையும் சேர்த்தால் 2.65. ஈசியூ 18 பாகை என்று நினைக்கும். பன்னிரண்டு பாகைதான் வித்தியாசம், கார் நன்றாகவே எழும்பும். ஆனால் 90 பாகையில் சென்சர் 240 ஓம்தான். களிம்போடு 1.24 கிலோ ஓம். ஈசியூவுக்கு அது 38 பாகை. காலையில் சின்னதாக இருந்த பொய் மத்தியானம் ஐம்பது பாகை ஆகிவிட்டது. அளவு எந்த எல்லையையும் தாண்டவில்லை, ஆகவே அந்தப் பழைய ஈசியூ வாயே திறக்கவில்லை. குளிர் எஞ்சினுக்குக் கொடுக்கும் பெற்றோலையும் ஐடிலையும் நாள் முழுக்கக் கொடுத்துக்கொண்டிருந்தது.

ஆகவே இந்தச் சுற்றில் தடையைச் சூடான எஞ்சினில்தான் சோதிக்க வேண்டும். குளிரில் சோதித்து நல்லது என்று சொன்னால் பாதிச் சோதனைதான். எஞ்சின் ஓடும்போது கனெக்ரரின் பின்பக்கத்தால் குண்டூசியை ரப்பருக்குள் நுழைத்து சிக்னல் வயரின் வோல்ற்றைப் பாருங்கள். 80 பாகைக்கு மேல் 0.2 முதல் 1 வோல்ற்றுக்குள் இருக்க வேண்டும். ஏர்த் வயருக்கும் பற்றறி நெகற்றிவுக்கும் நடுவில் 50 மில்லிவோல்ற்றுக்கு மேல் இருக்கக் கூடாது. அங்கே கூட இருந்தால் த்ரொட்டில் சென்சர், காற்று வெப்பச் சென்சர் அளவுகளையும் பாருங்கள். பல கார்களில் எல்லாச் சென்சருக்கும் ஏர்த் ஒன்றுதான். ஒன்று கெட்டால் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் பொய் சொல்லும்.

களிம்பை மண்கடதாசியால் தேய்க்காதீர்கள், முனையின் பூச்சுப் போய்விடும், மறுபடி அதைவிட வேகமாகக் களிம்பு பிடிக்கும். கொன்ராக்ற் கிளீனர் அடித்து, மெல்லிய பிரஷ்ஷால் துடைத்து, பெண் முனை இறுக்கமாகப் பிடிக்கிறதா என்று பாருங்கள். தளர்ந்திருந்தால் முனையை மாற்ற வேண்டியதுதான். மாஸ்ரரின் காருக்குக் கனெக்ரரையே புதிதாகப் போட்டோம். பழைய சென்சர் இன்னும் அதே காரில்தான் இருக்கிறது.

வகன் ஆர் போன்ற, சிக்னலில் நின்றவுடன் எஞ்சின் தானாக நிற்கும் கார்களிலும் அக்குவா, பிரியஸ் போன்ற ஹைபிரிட்களிலும் இதே பிழை வேறு முகத்தோடு வரும். எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று நினைப்பதால் நிற்கவே நிற்காது. “ஹைபிரிட் பற்றறி போச்சு” என்று யாராவது பயமுறுத்தினால், செலவுக்குத் தலையாட்டும் முன் கூலன்ற் அளவை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

“முள் ஏறுதில்லை” அல்லது “நீல லைற் போகுதில்லை”

முள் என்பது டாஷ்போட்டில் எஞ்சின் சூட்டைக் காட்டுவது. முள் இல்லாத கார்களில் எஞ்சின் குளிராக இருக்கும்வரை நீல லைற் எரியும். இங்கே சென்சரைக் குற்றம் சொல்லும் முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: தேர்மோஸ்ரற் (தண்ணீர் சூடாகும்வரை ரேடியேற்றருக்குப் போகும் வழியை மூடி வைக்கும் வால்வு) உள்ளே இருக்கிறதா?

“இந்த வெயிலுக்கு அது என்னத்துக்கு” என்று கழற்றி எறிந்த கார்கள் நம்மூரில் நிறைய. அந்த யோசனை எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. தேர்மோஸ்ரற் எஞ்சினைச் சூடாக்குவதற்கு இல்லை, ஒரே சூட்டில் வைத்திருப்பதற்கு. அது இல்லாமல் ஏ9 வீதியில் ஆனையிறவுக் காற்றுக்குள் ஓடினால் கூலன்ற் 65, 70 பாகையிலேயே கிடக்கும். ஈசியூ எஞ்சின் இன்னும் முழுதாகச் சூடாகவில்லை என்று காத்துக்கொண்டிருக்கும். பி0128 வரும். அது சென்சர் கோட் இல்லை, வரவேண்டிய சூடு வரவில்லை என்ற கோட். உண்மை பேசிய சென்சரை மாற்றி என்ன பயன்?

பிரித்தறிய ஒரு வழி. ஆறின எஞ்சினை ஸ்ராட் பண்ணி, ரேடியேற்றருக்குப் போகும் ஹோசில் கை வையுங்கள். தேர்மோஸ்ரற் ஒழுங்காக இருந்தால் கொஞ்ச நேரம் ஹோஸ் குளிர்ந்தே இருந்து, அளவு 80ஐத் தாண்டும் இடத்தில் திடீரென்று சுடும். முதல் நிமிடத்திலிருந்தே எஞ்சினோடு சேர்ந்து மெல்ல மெல்லச் சூடானால் அது திறந்தபடி நிற்கிறது, அல்லது இல்லவே இல்லை. கையைப் பானுக்குத் தூரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பழைய கார்களில் முள்ளுக்கு ஒரு சென்சர், ஈசியூவுக்கு ஒரு சென்சர் எனத் தனித்தனி. ஒற்றை வயர் உள்ளது முள்ளுக்கானது. அதன் ஏர்த் அதன் புரி வழியாகவே எஞ்சினுக்குப் போகிறது. ஒழுக்குக்குப் பயந்து யாராவது வெள்ளை ரேப்பைத் தடிப்பாகச் சுற்றிப் பூட்டியிருந்தால் ஏர்த் கிடைக்காது, முள் ஏறாது. கழற்றி, ரேப்பை உரித்து, திரும்பப் பூட்டியவுடன் வேலை செய்த கார்களைக் கண்டிருக்கிறேன்.

“முள் திடீரெண்டு விழுகுது, பிறகு வருகுது”

சூடு அப்படித் துள்ளாது. ஒரு எஞ்சின் நிறையத் தண்ணீர் ஒரு நொடியில் 90இலிருந்து 20க்கு வராது. ஸ்கானரில் அளவு செங்குத்தாக விழுந்தால் அது மின் பிழைதான். எஞ்சினை ஓட விட்டு, வயர்க் கட்டைச் சென்சரில் தொடங்கி ஒரு சாண் ஒரு சாணாக அசைத்துக்கொண்டு போங்கள். அளவு துள்ளுகிற இடத்தில் நிறுத்துங்கள். மாரி மழைக்குப் பிறகோ, சேர்விஸில் எஞ்சினுக்குத் தண்ணீர் பீச்சிக் கழுவின பிறகோ தொடங்கினது என்றால் கனெக்ரருக்குள் தண்ணீர் நிற்கிறது, வேறு எங்கும் தேட வேண்டாம்.

“முள் நடுவில நிக்குது, எஞ்சின் கொதிக்குது”

இதுவரை சொன்னவை பணம் தின்னும் பிழைகள். இது எஞ்சினைத் தின்னும்.

முதலில் காற்று. கூலன்ற் குறைந்து சென்சரின் மூக்கு தண்ணீரை விட்டு வெளியே நின்றால் அது காற்றின் சூட்டைத்தான் சொல்லும். தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்க அளவு இறங்கிக்கூடக் காட்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது முள் காரணமில்லாமல் இறங்கினால் சந்தோஷப்படாமல் ஓரமாக நிறுத்துங்கள். சூடாக இருக்கையில் மூடியைத் திறக்கவே கூடாது. அரை மணி நேரம் ஆறட்டும்.

அடுத்தது சுண்ணாம்பு. நமது குடாநாடே சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. தேத்தண்ணிக் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, கிணற்றுத் தண்ணீர் விட்ட ரேடியேற்றருக்குள்ளும் அதேதான் படிகிறது, சென்சரின் மூக்கிலும்தான். நான் கழற்றிய ஒன்றின் மூக்கில் முட்டை ஓட்டுத் தடிப்பில் ஒரு உறை இருந்தது, நகத்தால் சுரண்ட முடியவில்லை. கழற்றி மீற்றரில் அளந்தால் சென்சர் சரியான அளவே காட்டும். ஆனால் உறைக்குள் சூடு நுழைய நேரம் எடுக்கும், பான் பிந்தி ஓடும். வினாகிரியில் ஒரு இரவு போட்டு வையுங்கள், நுரைத்துக் கழன்றுவிடும். சென்சர் அப்படி இருந்தால் ரேடியேற்றர்க் குழாய்களின் நிலையையும் ஊகிக்கலாம்.

மூன்றாவது, மறுபடியும் அந்தக் களிம்பு. ஒரு கிலோ ஓம் என்றால் ஐடிலிலும் பெற்றோல் செலவிலும் காட்டிக்கொடுத்துவிடும். வெறும் 100 ஓம் என்றால் ஓட்டத்தில் ஒன்றும் தெரியாது, 90 பாகை 78 என்று காட்டும், அவ்வளவுதான். ஆனால் பான் 95இல் ஓட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈசியூவுக்கு 95 தெரியும்போது உண்மையில் தண்ணீர் 120 பாகை தொட்டிருக்கும். இதனால்தான் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று கையில் இருப்பது நல்லது. தேர்மோஸ்ரற் வீட்டின் உலோகத்தில் குறிவைத்து, ஸ்கானர் சொல்வதோடு ஒப்பிடுங்கள். மினுங்கும் அலுமினியத்தில் அது குறைவாகக் காட்டும், கறுப்பு ரேப் ஒரு துண்டு ஒட்டிவிட்டு அதன் மேல் பிடித்தால் சரியாக வரும். ஐந்தாறு பாகை வித்தியாசத்தைப் பெரிதாக எடுக்க வேண்டாம்.

சரி, சென்சர்தான் என்று முடிவானால்

வாங்கும்போது மீற்றரைக் கடைக்கே கொண்டுபோங்கள். ஸ்ரான்லி வீதிக் கடைகளில் ஏறி இறங்கினால் ஒரே உருவத்தில், ஒரே கனெக்ரரில், உள்ளே வேறு தேர்மிஸ்ரர் இருக்கும் சென்சர்கள் கிடைக்கும். முதலாளி முறைத்தாலும் பரவாயில்லை, மேசையில் வைத்தே அளந்து பாருங்கள். 30 பாகைக் கடைக்குள் 1.6, 1.7 கிலோ ஓம் அளவில் வந்தால் எடுக்கலாம். 3 அல்லது 4 என்று வந்தால் அது வேறு காரின் சென்சர். கையில் பிடித்தபடி அளக்க வேண்டாம், உடம்புச் சூட்டிலேயே எண் இறங்கும். வீட்டில் இன்னும் ஒரு சோதனை, கொதிக்கும் தண்ணீரில் மூக்கை மட்டும் நனையுங்கள். கடல் மட்டத்தில் இருக்கிற நமக்குக் கொதிநீர் சரியாக 100 பாகை, ஏறக்குறைய 190 ஓம் வர வேண்டும்.

மாற்றும் வேலை ஆறின எஞ்சினில். கொஞ்சம் கூலன்ற் கொட்டும், கீழே சட்டி வையுங்கள். வாஷர் புதிது போடுங்கள். புரி ஏறும் இடம் அலுமினியம், பலத்தைக் காட்ட வேண்டாம். குறைந்த கூலன்ற்றுக்குக் கிணற்றைத் தேடிப் போகாமல், கலந்து வரும் கூலன்ற் அல்லது பற்றறிக்கு விடும் வடிதண்ணீர் விடுங்கள். காற்றை வெளியேற்றாமல் விட்டால் புதுச் சென்சரும் காற்றுக்குள்தான் நிற்கும்.

பிறகு கோட்டை அழித்துவிட்டு, ஏசி போடாமல், நின்ற இடத்திலேயே ஓட விட்டு ஸ்கானரைப் பார்த்துக்கொண்டிருங்கள். 30இலிருந்து தடங்கல் இல்லாமல் ஏற வேண்டும். 80ஐத் தாண்டும் இடத்தில் தேர்மோஸ்ரற் திறந்து ஒரு சின்னத் தளம்பல் வரும். அதற்கு மேல் போய் பான் ஓட வேண்டும், அளவு இறங்க வேண்டும், பான் நிற்க வேண்டும். இன்னொரு தடவை பான் ஓடி நிற்கும் வரை நான் பொனற்றை மூடுவதில்லை. மறுநாள் காலை, சுவிச்சை மட்டும் போட்டு, காற்றும் கூலன்றும் ஒன்றாக நிற்கிறதா என்று பார்த்துச் சொல்லச் சொல்லித்தான் காரைக் கொடுப்பேன்.